மாத்திரையை எப்போது சோதிப்பது?

மருந்து உற்பத்தித் தரத்துக்கான திருத்தப்பட்ட அட்டவணை எம் விதிகளை நிறைவேற்றச் சிறு மருந்து ஆலைகளுக்குத் தரப்பட்ட கூடுதல் அவகாசம் 2025 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்காகத் தரையை மாற்றினார்கள், ஏ.சி. குழாய்களை மாற்றினார்கள், கோப்புகளைப் புதிதாக எழுதினார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் மாத்திரையின் குணம் முடிவாவது ஓர் எஃகுப் பாத்திரத்துக்குள். அங்கே எட்டிப் பார்க்க நம்மில் பலருக்கு இன்னும் மனம் வரவில்லை.

நான் பலமனேர்க்காரன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, வேலை பார்த்தது ஓசூர்ப் பக்கம் ஒரு மாத்திரை ஆலையின் கிரானுலேஷன் பிரிவில். அங்கே அந்த எஃகுப் பாத்திரத்துக்குள் கீழிருந்து வரும் சூடான காற்று மருந்துத் தூளைத் தூக்கி மிதக்கவிடும். மேலிருந்து ‘பைண்டர்’ எனும் ஒட்டும் கரைசல் பனிபோல இறங்கும். தூள் ஒன்றோடொன்று ஒட்டிக் குருணையாகும்; அதே காற்று அதை உலர்த்தியும் விடும். ஈரம் மிஞ்சினால் அடுத்த அறையில் மாத்திரையை அழுத்தும் ‘பஞ்ச்’ அச்சில் அது ஒட்டிக்கொள்ளும். அளவுக்கு மீறிக் காய்ந்தாலோ தலை தனியாகக் கழன்று வரும். நாங்கள் அதைக் ‘கேப்பிங்’ என்போம்.

உள்ளே ஈரம் எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வோம்? மெஷினை நிறுத்தி, சில கிராம் குருணையை எடுத்து, 105 டிகிரி வரை சூடாக்கி, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்போம். இதற்கு எல்.ஓ.டி. என்று பெயர். நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் பேட்சுக்கு அந்தச் சில கிராம்தான் சாட்சி. முடிவு வரும்வரை மொத்தச் சரக்கும் காத்திருக்கும். எங்கள் ஊர்ப் பால் சென்டரில் இந்த முறை செல்லாது. ஒவ்வொருவர் பாலிலும் கொழுப்பைப் பார்த்துவிட்டுத்தான் பெரிய கேனில் ஊற்றுவார்கள். கலந்த பிறகு யாரைக் கேட்பது?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்தச் சிக்கல் முற்றும். வெளிக்காற்றிலேயே ஈரம் இருக்கும். உள்ளே வரும் காற்றின் ஈரத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தாத ஆலையில், கோடையில் எழுதிய உலர்த்தும் நேரம் மழைக்காலத்தில் பொய்த்துவிடும். அப்படி ஒரு பேட்ச் முதலில் அச்சில் ஒட்டியது, மறுபடி உலர்த்தியதும் தலை கழன்றது. கடைசியில் முழுதும் கழிவுக்குப் போனது. எழுதியிருந்த நேரத்தை ஆபரேட்டர் ஒரு நிமிடம்கூட மீறவில்லை.

பாத்திரத்துக்குள்ளேயே கண் வைக்கும் வழி உண்டு. அண்மை அகச்சிவப்பு ஒளியை 1450, 1940 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டித் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். பக்கச் சுவரில் பொருத்திய ப்ரோப் அந்த உறிஞ்சலை அளந்து, ஓட்டத்தின் நடுவிலேயே ஈரத்தைச் சொல்லிவிடும். லேசர் ப்ரோப் குருணையின் அளவைச் சொல்லும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இத்தகைய கண்காணிப்பை ஊக்குவித்து வழிகாட்டுதல் வெளியிட்டது 2004 செப்டம்பரில். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

முதலாளிகள் சொல்லும் தடைகளும் பொய்யல்ல. ப்ரோப் பல லட்சம் ரூபாய். அதன் கண்ணாடியில் தூள் அப்பிக்கொண்டால் அளவீடு கெடும். ஒரு மருந்துக்குச் செய்த கணக்கு இன்னொரு மருந்துக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தரவு சேர்க்க வேண்டும். சிறு ஆலைக்கு இது பாரம்தான்.

அதனால் கைக்கெட்டியதில் தொடங்கலாம். பெரும்பாலான மெஷின்களில் குருணையின் வெப்பநிலையை அளக்கும் சென்சார் ஏற்கெனவே இருக்கிறது. மேற்பரப்பு ஈரம் ஆவியாகும்வரை அந்த வெப்பநிலை அதிகம் அசையாது. அது தீர்ந்ததும் ஏறத் தொடங்கும். வெளியேறும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துப் பார்த்தால் எங்கே நிறுத்துவது என்பது பெருமளவு பிடிபடும். பல இடங்களில் இந்த எண்கள் பேட்ச் ரெக்கார்டில் ஏறுகின்றன. அவற்றை வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை.

கோல்ட்ரிஃப் இருமல் மருந்தைக் குடித்து 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தின் மாதிரியில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்ததைத் தமிழக அரசின் ஆய்வகம் கண்டறிந்தது. அது மூலப்பொருள் சங்கதி. குருணை ப்ரோப் அதைத் தடுத்திருக்காது. ஆனால் பார்க்க வேண்டிய கட்டத்தில் பார்க்காமல் விடும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

மத்திய அரசின் மருந்துத் தொழில்நுட்ப மேம்பாட்டு உதவித் திட்டம் ஓர் ஆலைக்கு அதிகபட்சம் 1 கோடி ரூபாய் வரை தருகிறது. காற்றுச் சீரமைப்பும் ஆய்வகமும் அதில் அடக்கம். ஓட்டத்திலேயே அளக்கும் கருவிகளையும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் தரையின் பளபளப்போடு நின்றுவிடாமல், குருணை வெப்பநிலையின் வரைகோட்டை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். முதலாளிகள் செய்ய வேண்டியது இன்னும் எளிது: கோடு தவறும்போது பேட்சை நிறுத்தும் அதிகாரத்தை மெஷின் பக்கத்தில் நிற்பவருக்கு எழுத்தில் கொடுங்கள்.