இருபத்திரண்டு வருஷம், ஒரே ஒரு மாலிக்யூல்

வருஷக் கடைசியில் மேனேஜர் உங்களைக் கூப்பிட்டு, 'இந்த வருஷம் என்ன சாதிச்சீங்க?' என்கிறார். 'ஒண்ணும் தேறலை சார். இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் குடுங்க, பார்க்கலாம்' என்று சொல்லிப் பாருங்களேன். வாட்ச்மேன் வந்து கேட் வரை கொண்டுவிடுவார்.

மாக்ஸ் பெரூட்ஸின் நிலைமை ஏறக்குறைய இதுதான். வியன்னாக்காரர். 1936-ல் கேம்பிரிட்ஜுக்குப் படிக்க வந்தவர், மறு வருஷம் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டார். ரத்தத்தைச் சிவப்பாக்கி, ஆக்ஸிஜனை உடம்பு முழுக்க டெலிவரி செய்கிற சமாசாரம். அதன் படிகத்தில் எக்ஸ்-ரேயைப் பாய்ச்சினால் ஃபிலிமில் புள்ளி புள்ளியாக விழும். அந்தப் புள்ளிகளை வைத்து, உள்ளே எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். மொத்தம் சுமார் 10,000 அணுக்கள். ஆரம்பத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. சினிமா தியேட்டரின் நிழலைப் பார்த்து, உள்ளே யார் எந்த சீட்டில் என்று சொல்கிற மாதிரி.

1940-ல், யுத்தத்தின்போது, எதிரி நாட்டான் என்று பிடித்துக் கனடாவுக்குக் கப்பலேற்றினார்கள். கொஞ்ச நாள் கழித்து அதே பிரிட்டிஷ் சர்க்கார், பனிக்கட்டியில் கப்பல் கட்டும் ரகசியத் திட்டத்துக்கு அவரையே கூப்பிட்டது. (சர்க்கார் எல்லா ஊரிலும் சர்க்கார்தான்.)

நிஜமான சிக்கல் 1947-ல். கையிலிருந்த ஃபெலோஷிப் முடியப் போகிறது. வீட்டில் மனைவி, சின்னப் பெண். பத்து வருஷத்துக்குக் காட்டுவதற்குப் பெட்டி பெட்டியாகப் புள்ளிகள்தான். அவருடைய பேராசிரியர் லாரன்ஸ் பிராக், மெடிக்கல் ரிசர்ச் கவுன்சிலின் செயலாளரைப் போய்ப் பார்த்தார். பணம் வந்தது. யூனிட்டில் மொத்தம் ரெண்டே பேர்: பெரூட்ஸ், ஜான் கென்ட்ரூ. 'இதனால் எந்த வியாதி குணமாகும்?' என்று கேட்டிருந்தால் ரெண்டு பேரும் முழித்திருப்பார்கள்.

1953-ல் வழி கிடைத்தது. ஹீமோகுளோபினில் பாதரச அணுவை ஒட்டி, மறுபடி படமெடுத்து, பழைய படத்தோடு ஒப்பிடுவது. அதற்கப்புறமும் ஆறு வருஷம் ஆயிற்று! 1959-ல்தான் மாலிக்யூல் முகத்தைக் காட்டியது. 1962-ல் இருவருக்கும் நோபல். அந்த யூனிட்டில் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைக் கண்ட வாட்சனுக்கும் கிரிக்குக்கும் அதே வருஷம் மருத்துவ நோபல், வில்கின்ஸோடு.

அதே 1962-ல் தனிக் கட்டடம் வந்து, மாலிக்யூலர் பயாலஜி லேபரட்டரி ஆயிற்று. தலைவர் பெரூட்ஸ். அவர் செய்த நிர்வாகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது கேன்டீன். மனைவி கிசெலா பார்த்துக்கொண்டார். பெரிய விஞ்ஞானியும் நேற்று சேர்ந்த பையனும் ஒரே மேஜையில் டீ குடிக்க வேண்டும், பேச வேண்டும். பேசினார்கள்.

அங்கே 1975-ல் மில்ஸ்டைனும் கோலரும், ஆன்டிபாடி சுரக்கும் செல்லையும் சாகாத புற்றுநோய் செல்லையும் ஒட்டவைத்தார்கள். ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய மட்டும் தயாரிக்கும் ஃபாக்டரி ரெடி. புற்றுநோய், மூட்டுவாத மருந்துகள் பல அந்த வழி வந்தவை. கல்யாணமான புதிதில் மெடிக்கல் ஷாப்பில் தயங்கித் தயங்கி ஒரு கிட் கேட்பீர்களே, 'ரெண்டு கோடு' விழுகிறதா என்று பார்க்க? அதற்குள்ளும் இந்த ஆன்டிபாடிதான். பேடன்ட் எடுக்கவில்லை என்று பிற்பாடு பெரிய ரகளை.

நம்ம சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1999-ல் அமெரிக்காவின் யூட்டாவை விட்டு இந்த லேபுக்குப் போனார், குறைந்த சம்பளத்துக்கு. செல்லுக்குள் புரதம் தயாரிக்கிற ரைபோசோமைப் படம் பிடிக்கிற வேலை. கிடைக்குமா என்று நிச்சயமில்லாத ஒன்றுக்காக, அடிக்கடி மனுப்போட்டுப் பணம் கேட்கிற இடம் சரிப்படாது என்று கணக்குப் போட்டார். மறு வருஷமே அவர் குழு அதன் சின்னப் பாதியின் அமைப்பை வெளியிட்டது. 2009-ல் இன்னும் ரெண்டு பேரோடு நோபல்.

பெரூட்ஸ் 1979-ல் தலைவர் நாற்காலியிலிருந்து ரிட்டயர் ஆனார். வீட்டில் உட்காரவில்லை. 2002-ல் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்புவரை, 87 வயதில், லேபுக்கு வந்து வேலை செய்துகொண்டிருந்தார்.