திருப்பதிக்கு மட்டும் பலிக்கிற கடிதம்

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டி, கேரள எல்லையை ஒட்டிய கிளாவரைக்குப் பக்கத்தில் இருக்கிறது போளூர். அந்த வட்டாரத்து டீக்கடை எதிலும் நாடாளுமன்ற உறுப்பினர் பேச்சை எடுத்துப் பாருங்கள். “அவருக்கு எழுதி என்னங்க ஆகப்போகுது?” என்று பதில் வரும். சொல்பவர் பூண்டு போடும் சம்சாரியாகவும் இருப்பார், ஓய்வுபெற்ற வாத்தியாராகவும் இருப்பார். மலையடிவாரத்தில் வத்தலக்குண்டில் கேட்டாலும் இதே பதில்தான். சென்னையில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் பையனைக் கேட்டால் இதையே கொஞ்சம் ஆங்கிலம் கலந்து சொல்வான். கடிதம் குப்பைக்கூடைக்குப் போகும், ஆள் வைத்துப் பார்த்தால்தான் காரியம் நடக்கும், கட்சிக்காரர் யாரையாவது பிடியுங்கள். இதை அனுபவ ஞானம் என்று நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம்மில் பெரும்பாலோர் செய்தே பார்க்காத ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பு இது.

ஏனென்றால், எம்.பி. கடிதத்துக்கு என்ன பலம் என்று நமக்கு நன்றாகத் தெரியும். திருப்பதியில் சீக்கிரம் தரிசனம் வேண்டும் என்றால் யாருடைய கடிதத்தைத் தேடி அலைகிறோம்? ரயிலில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் மாட்டிக்கொண்டால், அவசர ஒதுக்கீட்டுக்கு யார் வீட்டு உதவியாளருக்குப் போன் போடுகிறோம்? கேந்திரிய வித்யாலயாவில் எம்.பி. ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்து இடம் என்றிருந்த ஒதுக்கீடு 2022-இல் ரத்தாகும்வரை, அந்தப் பத்துக்கு எத்தனை நூறு பேர் வரிசையில் நின்றார்கள் என்று திண்டுக்கல்காரர்களுக்கும் மதுரைக்காரர்களுக்கும் தெரியும். சொந்தக் காரியத்துக்குப் பலிக்கிற அதே கடிதம், ஊர்க் காரியம் என்று வந்ததும் குப்பையாகிவிடுமா?

சரி, ஊர்க் காரியத்துக்கு நாம் எப்படி எழுதுகிறோம்? தேர்தல் முடிந்து நன்றி சொல்ல வண்டி வரும்போது நீட்டுகிற மனுவைப் பாருங்கள். ‘மாண்புமிகு’வில் தொடங்கி ‘ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து’ வரை ஒரு பக்கம். நடுவில் ஒன்பது கோரிக்கை. தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர்க் குழாய் உடைந்திருக்கிறது, ரேஷன் கடையில் பருப்பு இல்லை, முதியோர் உதவித்தொகை நின்றுபோச்சு, சாயங்கால பஸ் வரவில்லை, பட்டா மாற்றித் தரவில்லை, ஆரம்பச் சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை, காட்டுமாடு பயிரை மிதிக்கிறது. முதல் இரண்டும் ஊராட்சி. அடுத்த ஐந்தில் மத்திய அரசின் பணமோ அரிசியோ கொஞ்சம் கலந்திருந்தாலும், கொடுப்பதும் நிறுத்துவதும் மாநில அரசு. கடைசி இரண்டில்தான் டெல்லிக்கு நேரடியாகச் சொல்ல ஏதாவது இருக்கிறது, அந்த இரண்டும் மனுவின் அடியில் கிடக்கின்றன. ஒன்பதும் நடக்கவில்லை என்றதும், “பார்த்தீங்களா, மனு கொடுத்தோம், ஒண்ணும் நடக்கலை” என்று முடிவு கட்டிவிடுகிறோம். தாலுகா ஆபீஸில் கேட்க வேண்டியதைத் தபாலாபீஸில் கேட்டுவிட்டுத் தபால்காரர் மேல் கோபப்படுவதுபோல.

போளூருக்கும் நாடாளுமன்றத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைப்பவர்கள் மேல்மலையைச் சரியாகப் பார்க்காதவர்கள். சொல்லப்போனால் தமிழ்நாட்டில் டெல்லியின் கை இவ்வளவு பக்கத்தில் படும் இடங்கள் குறைவு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கொடுத்தது மத்திய அரசின் பதிவகம். அந்தப் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும்போது கிடைக்கிற விலை வியாபாரியின் வாயை மட்டும் பொறுத்ததா? பூஞ்சை நோய் பயத்தால் 2014-இல் சீனப் பூண்டுக்கு இந்தியா தடை போட்டது. நேபாளம் வழியாக அது கடத்தி வரப்பட்டுச் சுங்கத்துறையிடம் பிடிபடுவது இன்றும் அவ்வப்போது செய்தியாகிறது. தடையும் சுங்கமும் மத்திய அரசின் கையில். மன்னவனூரில் 1965 முதல் இருக்கிற செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தது. சுற்றுலாக்காரர்கள் முயலையும் ஆட்டையும் படம் பிடித்துவிட்டுப் போகிறார்கள். அங்கே நடக்கும் ஆராய்ச்சியால் மேல்மலைச் சம்சாரிக்கு இத்தனை ஆண்டுகளில் என்ன கிடைத்தது என்று மக்களவையில் கேட்கலாம். கேள்வி தேர்வானால் வேளாண் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும்.

காட்டுமாட்டுக்கு வருகிறேன். கேரட் பாத்தியில் ஒரு ராத்திரி இறங்கினால் மூன்று மாத உழைப்பு போச்சு. இழப்பீடு தருவது மாநில வனத்துறை. ஆனால் அந்த மாட்டுக்கு உச்சபட்சப் பாதுகாப்பு தருவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், அது நாடாளுமன்றம் போட்ட சட்டம். 2013-இல் கொடைக்கானல் மலையில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் ஒரு பாதையை அகலப்படுத்த வேண்டும் என்றாலும் கோப்பு தேசிய வன உயிரின வாரியம்வரை போகும். காட்டுமாட்டைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சோலைக்காடு அழிந்தால் மேல்மலைக்குத் தண்ணீரே இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2022 ஆகஸ்டில் மக்களவையில் விவாதத்துக்கு வந்தது. அப்போது பாத்தி மிதிபட்ட கதையைச் சொல்லி மேல்மலையிலிருந்து எத்தனை கடிதம் போயிருக்கும்? சட்டம் வந்தபிறகு மறியல் செய்வோம், சட்டம் வரும்போது எழுத மாட்டோம்.

இனி, கடிதத்தின் பலத்துக்கு வருவோம். நீங்களோ நானோ மத்திய அமைச்சகத்துக்கு நேரடியாக எழுதினால் அது ஏதோ ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கும். அதே விஷயத்தை எம்.பி. தன் கையெழுத்தில் அமைச்சருக்கு அனுப்பினால் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. மத்தியச் செயலக அலுவலக நடைமுறைப்படி, எம்.பி. கடிதம் கிடைத்ததை 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், அடுத்த 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். எல்லா அமைச்சகமும் இதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆனால் தவறினால் ‘ஏன் தவறியது’ என்று கேட்க ஒரு எழுத்து இருக்கிறது. கட்சிக்காரர் மூலம் காதில் போட்ட கோரிக்கைக்கு அது கிடையாது. ஒன்றியச் செயலாளர் “சொல்லியாச்சு அண்ணே, பார்த்துக்குவாங்க” என்று சொன்னதை எந்த அலுவலகத்தில் போய்க் காட்டுவீர்கள்? கடிதம் வீண் என்கிற நம்பிக்கையால் பிழைப்பவர்கள் இந்த இடைத்தரகர்கள்தான்.

“வெளிநாட்டில் எழுதினால் நடக்கும், இங்கே நடக்காது” என்பது இன்னொரு பல்லவி. ஆஸ்திரேலியாவுக்குப் போன சொந்தக்காரர்கள் வந்தால் இதைச் சொல்லாமல் திரும்ப மாட்டார்கள். அங்கே மக்களவைக்கு மனு அனுப்ப ஒரே ஒரு கையெழுத்து போதும் என்பதும், மனு சம்பந்தப்பட்ட அமைச்சருக்குப் போனால் 90 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கப்படுகிறது என்பதும் உண்மைதான். ஓர் உறுப்பினருக்கு அங்கே ஏறத்தாழ 1.2 லட்சம் வாக்காளர்கள். மேல்மலை அடங்கிய திண்டுக்கல் தொகுதியில் 2024 தேர்தலில் 16 லட்சம். எனவே நம் எம்.பி. எல்லாவற்றையும் தன் கையால் பிரித்துப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த நாட்டிலும் ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டால் காரியம் முடிந்துவிடுவதில்லை. அதற்குச் சாட்சி ஓர் ஈழத்தமிழ்க் குடும்பத்தின் கதை. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஆறாயிரம் பேர்கூட இல்லாத பிலோயெலா என்ற ஊரிலிருந்து, 2018 மார்ச்சில் விடியற்காலையில் அந்தப் பெற்றோரையும் இரண்டு கைக்குழந்தைகளையும் இலங்கைக்குத் திருப்பி அனுப்புவதற்காக அதிகாரிகள் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊர்க்காரர்கள், அதுவும் பழமைவாதக் கட்சிக்கே ஓட்டுப் போடும் நாட்டுப்புற வெள்ளைக்காரர்கள், மனு எழுத ஆரம்பித்தார்கள். லட்சக்கணக்கான கையெழுத்து சேர்ந்தது. எம்.பி.க்களுக்குக் கடிதம், தொலைபேசி, மறுபடியும் கடிதம். அரசு அசையவில்லை. 2019 ஆகஸ்டில் குடும்பத்தைக் கிறிஸ்துமஸ் தீவில் கொண்டுபோய் வைத்தது. 2021-இல் சின்ன மகள் நோயில் விழுந்து பெர்த் நகர மருத்துவமனைக்குப் போன பிறகு ஆளுங்கட்சி எம்.பி.க்கள் சிலரே வாய் திறந்தார்கள். 2022 மே மாதம் ஆட்சி மாறியது, ஜூனில் குடும்பம் பிலோயெலாவுக்குத் திரும்பியது, ஆகஸ்டில் நிரந்தர விசா. நான்கு ஆண்டுக்கு மேல்! மூன்றாவது மாதமே “எழுதி என்ன ஆகப்போகுது” என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லியிருந்தால், குடும்பம் இலங்கைக்கு விமானம் ஏறியிருக்கும்.

நாம் நான்கு ஆண்டு எதற்கு எழுதியிருக்கிறோம்? தேர்தல் என்றால் திண்டுக்கல் தூங்காது. 1973 இடைத்தேர்தலில் மாயத்தேவரை ஜெயிக்கவைத்து எம்.ஜி.ஆரின் கட்சிக்கு முதல் வெற்றியைக் கொடுத்த தொகுதி இது. 2019-இல் தி.மு.க.வின் வேலுச்சாமிக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் வாக்கு வித்தியாசம் கொடுத்தது. 2024-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் சச்சிதானந்தத்தை அனுப்பியது. ஓட்டுப் போட்ட மறுநாளிலிருந்து ஐந்து ஆண்டு மௌனம்.

“எதிர்க்கட்சி எம்.பி.யால் என்ன செய்ய முடியும்?” என்று அடுத்து கேட்பார்கள். கேள்வி கேட்பதற்கு ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதம் கிடையாது. கூட்டத்தொடரில் ஒரு நாளுக்கு அவையில் வாய்மொழியாகப் பதில் பெறும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, எழுத்தில் பதில் பெறும் கேள்விகள் 230, குலுக்கலில் தேர்வாகின்றன. அமைச்சரின் பதில் அச்சாகி, யாரும் எடுத்துப் படிக்கும்படி நிற்கும். ஆளுங்கட்சி உறுப்பினரைவிட எதிர்க்கட்சிக்காரருக்கு இதில் ஆர்வம் அதிகமாகவே இருக்கும்.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றிய மயக்கத்தையும் ஒரு கணக்கில் தீர்த்துவிடலாம். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். 16 லட்சம் வாக்காளருக்குப் பங்கு வைத்தால் தலைக்கு 31 ரூபாய் சொச்சம். அதையும் எம்.பி. பரிந்துரைக்கத்தான் முடியும், வேலைக்கு அனுமதி கொடுப்பது மாவட்ட நிர்வாகம். இந்த 31 ரூபாய்க்காக நிழற்குடை கேட்டு நிற்கிறோம், சட்டம் போடும் கையைச் சும்மா விட்டுவிடுகிறோம்.

எழுதுவது கம்பசூத்திரம் இல்லை. ஒரு கடிதத்துக்கு ஒரே விஷயம், தமிழில் எழுதினால் போதும். சிக்னல் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்பே எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது, பொறுப்பு பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கு. ‘கொடைக்கானல் தாலுகாவில் எந்தெந்தக் குடியிருப்புகள் இந்தப் பட்டியலில் உள்ளன, எங்கள் ஊர் அதில் உண்டா, இல்லையென்றால் ஏன்?’ இவ்வளவுதான் கடிதம். கருணை கூரச் சொல்ல வேண்டாம். ஊர்ப் பெயர், தாலுகா, பத்துப் பேர் கையெழுத்து, பதில் வரவேண்டிய விலாசம். விரைவுத் தபாலில் போட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து, முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு இரண்டாவது.

பதிலாக வருவது ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற வழவழப்பாகத்தான் இருக்கும் என்று சிரிப்பீர்கள். அமைச்சகம் தபாலில் அப்படிச் சொன்னால் சிரிக்கலாம். அமைச்சர் அவையில் அதே வார்த்தையைச் சொன்னால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். நிலுவையில் இருப்பதைத் துருவிக் கேட்க 1953-இலிருந்து மக்களவையில் உறுதிமொழிகள் குழு என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அங்கே போய்ச் சேர வேண்டுமானால் அவையில் ஒரு கேள்வி எழ வேண்டும், அந்தக் கேள்வியை எழுப்பும்படி எம்.பி.யிடம் கேட்க மேல்மலையில் யாராவது ஒருவர் பேனாவை எடுக்க வேண்டும்.