நாயும் பூநாரையும் நகர உழைப்பாளியும்

தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. தில்லித் தலைநகர்ப் பகுதியின் நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்றது அது. பதினோரு நாட்களில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைத் திருத்தியது. நவம்பர் 7 அன்று வந்த மற்றோர் ஆணை, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றின் வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது. இவற்றையொட்டி நாடே இரண்டு அணிகளாகப் பிரிந்து நிற்கிறது. ஓரணிக்கு ‘நாய் நேசர்’ என்று பெயர். மற்றோரணிக்கு ‘நாய் எதிர்ப்பாளர்’ என்று பெயர். இந்தக் கூச்சலில் காணாமல் போன கேள்வி ஒன்று உண்டு. கருத்தடை, தடுப்பூசி, குப்பை அகற்றல் ஆகியவை யாருடைய பொறுப்பு? அந்தப் பொறுப்பைக் கைகழுவியவர் யார்?

நவி மும்பையின் கோபர்கைரனேயில் நின்று பார்த்தால் இக்கேள்விக்கான விடை தெளிவாகத் தெரியும். கிழக்கே தானே–பேலாப்பூர் தொழிற்பேட்டை. மேற்கே தானே கழிமுகம். இடையே மாத்தாடித் தொழிலாளர் குடியிருப்புகள், ஆக்ரி–கோளி மக்களின் பழைய ஊர், அடுக்குமாடிக் கட்டடங்கள். தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம் மக்களைப் போலவே இங்குள்ள தமிழ் உழைப்பாளரும் இரவுப்பணி முடித்துத் தெருநாய்களின் நடுவேதான் வீடு திரும்புகின்றனர். காரில் செல்பவருக்கு நாய்க்கடி ஒரு செய்தி. நடந்து செல்பவருக்கு அது அன்றாட ஆபத்து.

நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்ட கணக்கின்படி 2024இல் நாய்க்கடிக்கு உள்ளானோர் 37 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 4.8 லட்சம் பேர். அவ்வாண்டு அங்கே ரேபிஸால் மாண்டவர்கள் 43 பேர். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. ஆனால் கடித்த உடனே காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, முழுத் தவணைத் தடுப்பூசியும், ஆழமான காயத்துக்கு எதிர்ப்புப் புரத ஊசியும் போட்டுக்கொண்டால் இந்நோயைத் தடுத்துவிடலாம். அப்படியிருந்தும் மக்கள் சாகின்றனர். இவ்வாறு சாவோரில் பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவரும், மருந்து இருப்பில் இல்லை என்று வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்படுபவரும்தாம் தவணையைப் பாதியில் விடுகின்றனர். ரேபிஸ் வறுமையைத் தேடிவரும் நோய். எனவே, குழந்தையைப் பறிகொடுத்த தாயின் கோபத்தை ‘விலங்குகளிடம் இரக்கமற்ற மனம்’ என்று இகழ எவருக்கும் உரிமை இல்லை.

அந்தக் கோபத்தை நாய்க்கொலைக்குத் திருப்பிவிடுவதும் தீர்வல்ல. அது பம்பாயில் முன்பே முயன்று பார்க்கப்பட்ட வழி. 1832 ஜூன் மாதம், நாய்களைக் கொன்றால் வெகுமதி என்ற கம்பெனி ஆட்சியின் ஏற்பாட்டால் வீட்டு வாசல்வரை வந்து நாய்களை அடித்தவர்களைப் பார்சி மக்கள் எதிர்த்தனர். இதர மக்களும் சேர்ந்துகொண்டனர், கடைகள் அடைக்கப்பட்டன, கோட்டைக்குச் செல்லும் பொருள்கள் தடுக்கப்பட்டன. நகரங்களில் நாய்களைக் கொல்வது அதன் பிறகும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. நாய்களும் குறையவில்லை, ரேபிஸும் ஒழியவில்லை. காரணம் எளிது. ஒரு தெருவின் நாய்களை அகற்றினால், அங்குள்ள உணவைத் தேடித் தடுப்பூசி போடப்படாத புதிய நாய்கள் வந்து சேரும்.

சென்னையின் நீலச் சிலுவைச் சங்கம் 1964 முதலே கருத்தடை வழியை வலியுறுத்திவந்தது. மாநகராட்சி அதை ஏற்றது 1996இல்தான். ஒரு பகுதியின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் ரேபிஸ் பரவும் சங்கிலி அறுபடும் என்பது அறிவியல் கண்ட உண்மை. 2001இலும் 2023இலும் வகுக்கப்பட்ட விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் இப்பணியை உள்ளாட்சிகளின் தலையில் வைத்தன. நிதியை வைத்தனவா? 2030க்குள் நாய்வழி ரேபிஸை ஒழிப்போம் என்று தேசியச் செயல்திட்டம் அறிவித்த ஒன்றிய அரசு, கால்நடை மருத்துவர்களையும் அறுவை அரங்குகளையும் போதிய அளவில் தந்ததா? பொறுப்பு கீழே இறங்கிற்று, பணம் இறங்கவில்லை.

நாய்களைப் பெருக்குவது குப்பையும் இறைச்சிக் கழிவும்தான். அவற்றை அகற்றும் தூய்மைப் பணியாளரோ நிரந்தரப் பணியும் உரிய ஊதியமும் மறுக்கப்பட்ட ஒப்பந்தக் கூலிகள். குப்பை வண்டி நாள்தோறும் வராத தெருவில் எந்த நீதிமன்ற ஆணையும் நாய்களைக் குறைக்காது. கேள்வி கேட்க மன்ற உறுப்பினரும் நெடுங்காலம் இல்லை. நவி மும்பை மாநகராட்சியின் காலம் 2020 மே மாதமும், மும்பையின் காலம் 2022 மார்ச் மாதமும் முடிந்தன. 2026 ஜனவரி 15 வரை தேர்தலே நடத்தாமல் அதிகாரிகளைக் கொண்டு ஆண்டனர். விலங்குவதைத் தடுப்பு, அரசமைப்பின் 12ஆவது அட்டவணையில் நகராட்சிகளின் பணியாகக் குறிக்கப்பட்டுள்ளது. உள்ளாட்சி ஜனநாயகத்தை முடக்கியவர்களே தெருவின் நிலைக்கும் பொறுப்பாளிகள்.

குடிமக்களுக்கும் பொறுப்பு உண்டு. விலைகொடுத்து வாங்கிய உயர்சாதி நாயை நோயுற்றதும் நெடுஞ்சாலையில் இறக்கிவிடுவது குற்றம். வளர்ப்பு நாய்க்கு உரிமம், தடுப்பூசி, கருத்தடை ஆகியவை உரிமையாளரின் கடமை. தெருநாய்க்கு உணவிடுவோர் குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் இடுவதோடு, அந்த நாயின் தடுப்பூசிக்கும் துணைநிற்க வேண்டும். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று வாங்கிய அயல்நாட்டுச் செங்காது ஆமையைப் பின்னர் ஏரியில் விட்டால், அது நாட்டு ஆமைகளின் வாழ்விடத்தைப் பறித்துக்கொள்கிறது. பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் நம் வீடுகள் பலவற்றில் இன்னும் உணரப்படவில்லை.

இனி, கோபர்கைரனேயின் மேற்குக் கரைக்கு வருவோம். ஐரோலிப் பாலத்துக்கும் வாஷிப் பாலத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் 1690 ஹெக்டேர் பரப்பு 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் தானே கழிமுகம் ராம்சார் ஈரநிலமாயிற்று. ஆனால் ஓத ஏற்றத்தின்போது பூநாரைகள் ஒதுங்கும் இடங்கள் சரணாலயத்துக்கு வெளியே, நவி மும்பையின் ஏரிகளில் உள்ளன. அவையே மனை வணிகத்தின் கண்ணை உறுத்துகின்றன. 2024 ஏப்ரலில் நெரூல் பகுதி ஏரியில் பூநாரைகள் மடிந்தன. கடல்நீர் வரும் வழி அடைபட்டதே காரணம் என்று சூழல் ஆர்வலர்கள் குற்றஞ்சாட்டினர். மே 20 அன்று காட்கோபரில் விமானம் மோதி முப்பதுக்கும் மேற்பட்டவை மாண்டன.

‘பறவைக்காகக் கவலைப்பட உழைப்பாளிக்கு நேரமேது?’ என்று சிலர் கேட்கலாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது மூழ்கியவை யாருடைய வீடுகள்? வெள்ளத்தைத் தாங்கும் அலையாத்திக் காடும் உப்பளமும் ஈரநிலமும் அழிந்தால் முதலில் நீர் புகுவது குடிசைக்குள்தான். மீனும் நண்டும் அழிந்தால் பிழைப்பிழப்பது கோளி மீனவர்தாம். இன்று தாராவியில் ‘தகுதியற்றவர்’ என்று ஒதுக்கப்படும் குடும்பங்களைக் குடியேற்ற, அதானி குழுமம் முன்னின்று நடத்தும் திட்டத்துக்கு 255 ஏக்கர் உப்பள நிலமும் தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கரும் வழங்க மாநில அரசு முடிவு செய்துள்ளது. நகரின் நடுவில் உள்ள நிலம் மூலதனத்துக்கு. பறவையின் நிலமும் குப்பையின் நிலமும் உழைப்பாளிக்கு! பூநாரையை விரட்டும் கையும் தாராவித் தமிழரை விரட்டும் கையும் ஒன்றே.

விலங்குநேயத்தின் பெயரால் நடக்கும் வேறொரு அரசியலையும் மறக்கலாகாது. பசுப் பாதுகாப்பு என்ற பெயரில் இஸ்லாமியரையும் தலித்துகளையும் அடித்துக் கொல்லும் கும்பல்களுக்கு விலங்குகளிடம் அன்பில்லை. மகாராஷ்டிரத்தில் 2015இல் காளைகளை இறைச்சிக்காக அறுப்பதற்கும் தடை வந்தது. உழைக்க இயலாத மாட்டை விற்க வழியின்றி விவசாயி தவிக்கிறார். கைவிடப்பட்ட மாடு தெருவில் பிளாஸ்டிக்கைத் தின்று சாகிறது. மனிதரை வெறுக்கும் கருணை விலங்கையும் காப்பதில்லை.

எனவே இக்களத்தை வசதிபடைத்தோரின் பொழுதுபோக்கு என்று நாம் விட்டுவிட முடியாது. ஒவ்வொரு வார்டிலும் கருத்தடை மையம், எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எந்நேரமும் ரேபிஸ் தடுப்பூசியும் எதிர்ப்புப் புரத ஊசியும், தூய்மைப் பணியாளருக்குப் பணி நிரந்தரம், ஈரநிலங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு, தாராவி மக்கள் அனைவருக்கும் தாராவியிலேயே வீடு ஆகியவை நம் கோரிக்கைகளாக வேண்டும். கிளைத் தோழர்கள் தம் பகுதியில் எத்தனை நாய்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது என்று வார்டு அலுவலகத்தில் கணக்குக் கேட்க வேண்டும். கடிபட்டவருடன் மருத்துவமனைக்குச் சென்று கடைசித் தவணை வரை உடனிருக்க வேண்டும். குடியிருப்போர் சங்கங்களில், நாய்க்கு உணவிடுவோரையும் நாய்க்கு அஞ்சுவோரையும் ஒரே மேசையில் அமர்த்த வேண்டும். கழிமுகத்தைக் காக்கப் போராடும் மீனவரோடு கைகோக்க வேண்டும்.

தெருவில் ஏழை பாதுகாப்பாக நடக்கவும், அதே தெருவில் நாய் அடிபடாமல் வாழவும், கழிமுகத்தில் பூநாரை இறங்கவும் இடமுள்ள நகரம் சாத்தியமே. அதற்கு நகரம் நிலவணிகரின் கையிலிருந்து மக்களின் கைக்கு வர வேண்டும்.