விளம்பரத்தில் உறுதி தெரியாது

நம் தோட்டத்துப் பிள்ளைகள் காணி வாங்கத் தொடங்கிவிட்டார்கள். கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் நின்று சேர்த்த பணம், மத்திய கிழக்கிலிருந்து அக்கா அனுப்பிய பணம், அம்மாவின் சேமலாப நிதி, தாலியைத் தவிர்த்த மிச்ச நகை எல்லாம் ஒன்றாகி ஹட்டனிலோ பண்டாரவளையிலோ 10 பேர்ச்சஸ் காணியாக மாறுகின்றன. தேடுவது கைத்தொலைபேசியில். இக்மனில் பார்க்கிறார்கள், முகநூலில் பார்க்கிறார்கள், வட்ஸ்அப் குழுக்களில் வரும் படங்களை இரவு பத்து மணிக்கு லயத்து வாசலில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் காட்டுகிறார்கள்.

இதைப் பற்றிச் சங்கத்துக்குள் ஒரு முணுமுணுப்பு இருக்கிறது. “நாமே காசு கொடுத்து வாங்கத் தொடங்கினால் காணி உரிமைக் கோரிக்கை என்னாவது?” என்று மூத்த தலைவர்கள் சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் என்ற வாக்குறுதிகள் நிறைவேறும்வரை கல்யாணம் முடித்த மகன், மருமகள், பேரப்பிள்ளை எல்லோரும் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் படுக்க வேண்டும் என்று எந்தத் தலைவரும் சொல்ல முடியாது. கோரிக்கை கோரிக்கையாக நிற்கட்டும். வாங்குகிற பிள்ளை ஏமாறாமல் வாங்குவதும் சங்கத்தின் வேலைதான்.

ஏனென்றால் நாம் காணி வாங்கிப் பழகிய சனம் இல்லை. கிராமத்தில் ஒரு பிள்ளை காணி பார்க்கப் போனால் கூடவே ஒரு மாமா போவார். உறுதியைப் புரட்டிப் பார்க்கத் தெரிந்தவர், எல்லைக்கல் எங்கே என்று கேட்கத் தெரிந்தவர். நம் வீட்டில் அப்படி ஒரு மாமா இல்லை. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட பிறகு அரசாங்கக் குடியேற்றத் திட்டங்களில் நமக்குக் காணி கிடைக்க வழியே இருக்கவில்லை. பரம்பரையாகப் பிறந்து வளர்ந்த லயமும் நம்முடையது அல்ல. அதன் நிலம் அரசினுடையது, 1992 முதல் கம்பனிகளின் கையில். ஆகவே நம்மில் பலருக்கு, தான் வாங்கும் காணியின் உறுதிதான் வாழ்க்கையில் பார்க்கும் முதல் உறுதி. அதுவும் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருக்கும்.

தொலைபேசியைக் குறை சொல்ல வரவில்லை. முன்பெல்லாம் தரகர் சொன்னதுதான் விலை. இப்போது பத்து விளம்பரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரே வீதியில் ஒருவர் ஒரு விலையும் இன்னொருவர் ஒன்றரை மடங்கும் கேட்பது உடனே தெரிகிறது. அது நல்லது. ஆனால் அங்கே போட்டிருப்பது கேட்கும் விலை, கொடுக்கப்பட்ட விலை அல்ல. அதன் மேல் வரும் செலவையும் எவரும் போடுவதில்லை. ஒரு பேர்ச் 2 இலட்சம் என்றால் 10 பேர்ச்சஸ் 20 இலட்சம் என்று பிள்ளை கணக்குப் போடுகிறது. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். அதாவது 79,000 ரூபா. 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் பார்த்தால் இது 58 முழுப் பேருக்கும் மேல். நொத்தாரிசுக் கட்டணமும் நில அளவையாளர் செலவும் தனி. இதை நினைக்காமல் கையிலுள்ள அத்தனையையும் விலையாகப் பேசி முடித்துவிட்டு, கடைசியில் வட்டிக்கு வாங்கிய குடும்பங்கள் உண்டு.

இதைவிடப் பெரிய விஷயம் உறுதி. ‘கிளியர் டீட்’ என்று எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது. போட்டோவில் ஒரு பத்திரத்தின் மூலையும் தெரியும். அது எந்தப் பத்திரம்? நொத்தாரிசு முடித்த உறுதியா, ஜயபூமி, சுவர்ணபூமி போன்ற அரச அளிப்பா, வெறும் அனுமதிப்பத்திரமா? காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் கைமாற்ற முடியாது. விற்பவர் நல்லவராகவே இருக்கலாம், தனக்கு விற்க உரிமையில்லை என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். பணம் போனது போனதுதான்.

உறுதியின் பிரதியைக் கையில் வாங்குங்கள். அதில் காணிப் பதிவகத்தின் புத்தக இலக்கமும் பக்க இலக்கமும் இருக்கும். அந்தப் பகுதிக்குரிய பதிவகத்தில் அதை வைத்துத் தேடினால் காணி யாரிடமிருந்து யாருக்கு வந்தது, வங்கியில் ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா என்று தெரியும். 30 வருடம் பின்னோக்கிப் பார்ப்பது வழக்கம். அற்றோர்ணித் தத்துவத்தில் விற்கிறேன் என்று ஒருவர் வந்தால், அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். விற்பவருடைய நொத்தாரிசே நமக்கும் பார்த்துக் கொடுப்பார் என்பது வசதியான பேச்சு. நமக்கு என்று ஒருவரை வைத்துத் தேடுவதற்குச் சில ஆயிரம் போகும். அந்தச் சில ஆயிரத்தை மிச்சப்படுத்தப் பார்ப்பதுதான் நம் ஆட்களிடம் நான் திரும்பத் திரும்பக் காண்பது.

தோட்ட வீடுகளே விற்பனைக்கு என்று முகநூலில் வருவதையும் பார்க்கிறேன். ‘உடன் குடியேறலாம்’ என்று வேறு எழுதியிருக்கும். முத்திரை ஒட்டிய தாளில் இருவர் கையெழுத்துப் போட்டு, தலைவர் சாட்சி போட்டு முடிக்கிறார்கள். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதாத காணி விற்பனை செல்லாது. அப்படியே எழுதினாலும், உரிமையில்லாதவர் எதை எழுதிக் கொடுப்பார்? தோட்டத் தலைவர்களே, அந்தத் தாளில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கையெழுத்தை நம்பித்தான் அந்தப் பிள்ளை காசை எண்ணிக் கொடுக்கிறது.

பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. என்னிடம் படித்த ஒரு பையன் சென்ற வருடம் ஒரு காணியைக் காட்டினான். பிரதான வீதிக்கு 200 மீற்றர், வாகனம் போகும், நல்ல படம். நேரில் போனோம். வாகனம் போவது உண்மைதான். ஆனால் போவது தேயிலை மலை நடுவே தோட்டத்து ரோட்டில். நில அளவைப் படத்தில் அந்தக் காணிக்குப் பாதையே காட்டப்படவில்லை. நாளைக்குத் துரை சங்கிலி போட்டால் சீமெந்து மூட்டையைத் தலையில்தான் தூக்க வேண்டும். அவன் விட்டுவிட்டான். விற்பவர் சொன்னது அத்தனையும் உண்மை, ஒன்றும் பொய்யில்லை, அதுதான் வேடிக்கை. பிரதேச சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் கேட்டால் இப்படியான பல விஷயம் வெளியே வரும்.

மலைநாட்டில் இன்னொன்றும் உண்டு. ‘அழகிய காட்சி’ என்று விளம்பரம் சொன்னால் சரிவு என்று வாசித்துக்கொள்ளுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. காணி பார்க்கும் அதே தொலைபேசியில் அதையும் திறந்து பார்க்கலாம். நுவரெலியா, பதுளை போன்ற மாவட்டங்களில் வீடு கட்ட அந்த நிறுவனத்தின் சிபாரிசு கேட்பார்கள். காணியை வாங்கிய பிறகு கேட்டு, கட்ட முடியாது என்று பதில் வந்தால் அந்த நிலத்தில் மரக்கறிதான் போடலாம்.

இதையெல்லாம் ஒவ்வொரு பிள்ளையும் தனியாகப் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சேமலாப நிதியில் 10 வருடத்துக்கு மேல் அங்கத்தவராக இருந்து 3 இலட்சத்துக்குக் குறையாமல் மீதி உள்ளவர் வீட்டுத் தேவைக்கு 30 வீதம் எடுக்கலாம். அந்தப் படிவத்தை நிரப்பச் சங்கக் காரியாலயத்துக்குத்தான் வருகிறார்கள். வரும்போதே “காணி பார்த்துவிட்டீர்களா, உறுதியைத் தேடினீர்களா?” என்று கேட்க நமக்கு என்ன தடை? மாதத்தில் ஒரு ஞாயிறு, மாவட்டக் காரியாலயத்தில் தமிழில் பேசும் ஒரு நொத்தாரிசு உட்காரட்டும். அவருடைய கட்டணத்தைச் சங்கம் பேசி முடிவுசெய்து சுவரில் எழுதிப் போடட்டும். மாதர் கிளைகளையும் கட்டாயம் கூப்பிட வேண்டும், ஏனென்றால் போகிற பணத்தில் பாதி அவர்களுடையது. ஆனால் உறுதியில் பெயர் எழுதும்போது அவர்களை யாரும் கேட்பதில்லை.

பாடசாலைப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கணித வகுப்பில் அளவிடைப் படம் படிப்பிக்கும்போது இந்தத் தவணை ஒரு உண்மையான நில அளவைப் படத்தின் பிரதியைக் கரும்பலகையில் ஒட்டப் போகிறேன். காரியாலய விஷயம் அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வருகிறது. எங்கள் கிளையிலிருந்து பிரேரணையை எழுதிக் கொடுத்துவிட்டோம். மற்றக் கிளைகளும் கூட்டத்துக்கு முன்பே எழுதிக் கொடுங்கள்.