ஒரே பாறை, இரண்டு விலை

அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போகும் வெளிநாட்டவர், 16 வயதைத் தொட்டவராக இருந்தால், இனி ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். நம் பணத்தில் ஏறத்தாழ 9,000 ரூபாய். பொது நிலங்களையும் பூங்காக்களையும் கவனிக்கும் அந்நாட்டு உள்துறை அமைச்சகம் 2025 நவம்பர் 25இல் இதை அறிவித்தது. 2026 ஜனவரி 1 முதல் வசூல் தொடங்கிவிட்டது. கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன் உட்பட 11 பூங்காக்களில் இதுதான் விதி. காருக்கு 35 டாலர் என்ற வழக்கமான நுழைவுக் கட்டணம் தனி. ஆண்டு அட்டை வாங்கினால் கூடுதல் கட்டணம் இல்லை. ஆனால் அந்த அட்டை அமெரிக்காவில் வசிப்பவருக்கு 80 டாலர், மற்றவருக்கு 250. கட்டணமில்லா நாட்களும் இனி அங்கே வசிப்பவர்களுக்கு மட்டுமே.

எங்கோ இருக்கும் ஒரு பூங்காவின் நுழைவுக் கட்டணம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். சான் ஹோசேயில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞருக்குக் கலிஃபோர்னியா ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, அவர் உள்ளூர்க்காரர். அவரைப் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வந்து, சுற்றுலாப் பேருந்தில் யோசெமிட்டி போகும் அவருடைய தந்தை அயலார். ஆகவே இது நம் வீட்டு விவகாரமும்தான். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அமெரிக்க அரசு இப்போது சொல்லும் நியாயத்தை நாம் பல ஆண்டுகளாக நம் ஊர்க் கற்களின் வாசலில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் யோசெமிட்டி. அந்தப் பெயரைக் கேட்டிராதவர்கள்கூட ஆப்பிள் கணினித் திரையில் அதன் பாறைகளைப் பார்த்திருப்பார்கள். சியரா நெவாடா மலைத்தொடரில் 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் அந்தப் பூங்காவின் உயிர், அதன் கிரானைட். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிக் குளிர்ந்து இறுகிய பாறையைப் பனியாறுகள் செதுக்கிச் செங்குத்துச் சுவர்களாக நிறுத்தியிருக்கின்றன. எல் கேப்பிட்டன் என்ற ஒற்றைப் பாறை, பள்ளத்தாக்கின் தரையிலிருந்து 3,000 அடிக்கு நேராக எழுகிறது. எதிர்ப்பக்கம், நடுவில் பிளந்துவிட்டது போன்ற ஹாஃப் டோம். 8,842 அடி உயரச் சிகரம். நடப்பவர், கயிறு கட்டி ஏறுபவர், கூடாரமடித்துத் தங்குபவர் ஆகிய மூவருக்கும் ஒரே பள்ளத்தாக்கில் இவ்வளவு தரும் இடம் உலகில் வேறில்லை என்பது என் எண்ணம்.

ஹாஃப் டோமின் கடைசி 400 அடி வழுக்குப் பாறை. 1919இல் பொருத்தப்பட்ட இரும்பு வடங்களைப் பிடித்துக்கொண்டுதான் சாதாரண நடைப்பயணிகள் அதில் ஏறுகிறார்கள். கூட்டம் பெருகி ஆபத்தானபோது, பூங்கா நிர்வாகம் 2010 முதல் அனுமதிச்சீட்டு முறையைக் கொண்டுவந்தது. இப்போது ஒரு நாளைக்கு அதிகபட்சம் 300 பேர். அனுமதி குலுக்கலில் கிடைக்கும். அந்தக் குலுக்கல் யாருடைய குடியுரிமையையும் கேட்பதில்லை. பெரிய சுவர்களில் இரவு தொங்கும் படுக்கையில் தங்கி ஏறுபவர்களுக்கும் அனுமதிச்சீட்டு கட்டாயம். அதற்குக் கட்டணம் இல்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், பாறையையும் காட்டையும் காக்க வேண்டும் என்றால் நேர்மையான வழி எது என்பது அந்தப் பூங்கா நிர்வாகத்துக்கே தெரியும். அந்த அறிவை ஓரங்கட்டிவிட்டு வந்ததுதான் இந்த 100 டாலர்.

இந்தப் பாறைகளை உலகம் அறிந்தது யாரால்? யோசெமிட்டியைக் காக்க எழுதி எழுதியே ஓர் இயக்கத்தை உருவாக்கிய ஜான் மியூர், ஸ்காட்லாந்தின் டன்பாரில் பிறந்தவர். இங்குள்ள கிரானைட் வெடிப்புகளில் சாதாரண இரும்பு ஆணிகள் வளைந்துபோனபோது, கடினமான எஃகில் ஆணிகளை அடித்துக் கொடுத்து பாறையேற்றத்தின் போக்கையே மாற்றிய கொல்லர் ஜான் சலாதே, சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறியவர். 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹொனால்ட் கயிறே இல்லாமல் எல் கேப்பிட்டனில் ஏறியதை அமெரிக்கா கொண்டாடியது. அதைப் பதிவுசெய்த ஆவணப்படத்துக்கு ஆஸ்கரும் கிடைத்தது. அவர் ஏறிய வழியின் பெயர் ஃப்ரீரைடர். அதைக் கைகால் பலத்தால் மட்டுமே ஏறிவிட முடியும் என்று 1998இல் முதலில் நிரூபித்தவர்கள் ஜெர்மனியின் ஹூபர் சகோதரர்கள். 2024இல் அதே வழியை முதல் முயற்சியிலேயே, ஒருமுறையும் விழாமல் ஏறி முடித்தவர் ஆஸ்திரியாவின் பார்பரா ஸாங்கர்ல். எல் கேப்பிட்டனில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை.

ஏறுபவர்கள் கூடும் கூடாரத் திடலுக்கு கேம்ப் 4 என்று பெயர். காரை நிறுத்திவிட்டு மூட்டையைச் சுமந்து நடந்துபோய், முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மனையில் தங்க வேண்டும். 1997 வெள்ளத்துக்குப் பிறகு அதன் பக்கத்தில் கட்டடங்கள் எழுப்பத் திட்டமிட்டபோது பாறையேறிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2003இல் அந்த மண் திடல், பாறையேற்ற வரலாற்றில் அதற்குள்ள இடத்துக்காக, அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் ஏறியது. அந்த வரலாற்றில் பாதி, வெளிநாட்டிலிருந்து வந்து அங்கே படுத்தெழுந்தவர்களுடையது. கேம்ப் 4இல் ஓர் இரவுக்கு ஆளுக்கு 10 டாலர். புதிய கட்டணம், பத்து இரவுத் தங்கலுக்குச் சமம். ஹோட்டலில் தங்கிப் படமெடுத்துத் திரும்பும் செல்வந்தருக்கு இது பொருட்டே அல்ல. மாதக்கணக்கில் பணம் சேர்த்து, ரொட்டியும் கடலை வெண்ணெயும் தின்று பாறையேறும் இளைஞரைத்தான் இது தடுக்கும்.

அரசுத் தரப்பு சொல்லும் நியாயம் ஒன்றே ஒன்று: அமெரிக்கர்கள் வரி கட்டி இந்தப் பூங்காக்களைப் பராமரிக்கிறார்கள், வெளிநாட்டவரும் தம் பங்கைத் தரட்டும். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால் நிற்காது. தேசியப் பூங்காத் துறைக்கு ஆண்டுதோறும் நாடாளுமன்றம் ஒதுக்குவது ஏறத்தாழ 330 கோடி டாலர். மக்கள்தொகை சுமார் 34 கோடி. தலைக்கு 10 டாலருக்கும் சற்றுக் குறைவு. ஆக, ஓர் அமெரிக்கர் நூற்றுக்கணக்கான பூங்காக்களுக்கும் நினைவிடங்களுக்கும் சேர்த்துப் பத்து ஆண்டுகளில் தருவதை, ஒரு தமிழ்நாட்டு ஆசிரியர் ஒரே ஒரு பூங்காவின் வாசலில் தர வேண்டும். இதைப் பங்கு என்று சொல்வது பொய்.

பராமரிப்பில் அக்கறை இருந்ததா என்றும் பார்ப்போம். 2025 பிப்ரவரியில் தேசியப் பூங்காத் துறையில் சுமார் 1,000 பேரை ஒரே வீச்சில் வேலையிலிருந்து நீக்கினார்கள். யோசெமிட்டி ஊழியர்கள் எல் கேப்பிட்டனில் அமெரிக்கக் கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஆபத்தில் இருக்கிறோம் என்று உலகத்துக்குச் சொன்னார்கள். நீதிமன்றங்கள் தலையிட்டுப் பலரை மீண்டும் சேர்க்கச் சொன்னபோதும் துறை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அடுத்த நிதியாண்டுக்கு இதே அரசு பரிந்துரைத்த வெட்டு 100 கோடி டாலருக்கும் மேல். அக்டோபர் 1 முதல் 43 நாட்கள் அரசு முடங்கிக் கிடந்தபோது யோசெமிட்டியைத் திறந்தே விட்டார்கள்; நுழைவுச் சாவடிகளில் ஆளில்லை. எல் கேப்பிட்டன் உச்சியிலிருந்து தடையை மீறிப் பாராசூட்டோடு குதித்தவர்களை உலகமே காணொளியில் பார்த்தது. அந்த முடக்கம் முடிந்த பதின்மூன்றாம் நாள், பூங்காக்களின் குறைக்கு வெளிநாட்டவர் பணம் தர வேண்டும் என்று அறிவிப்பு வருகிறது. ஊழியரை விரட்டியவர்கள், நிதியைக் குறைக்கச் சொன்னவர்கள், கதவைத் திறந்துபோட்டுப் போனவர்கள், விருந்தாளியின் பையில் கை விடுகிறார்கள்.

யார் இங்கே அயலார் என்ற கேள்வியை அந்தப் பள்ளத்தாக்கில் நின்று கேட்கும் துணிவு இவர்களுக்கு இருக்கக் கூடாது. அங்கே காலங்காலமாக வாழ்ந்த அவானீச்சி மக்களை 1851இல் மரிபோசா படை ஆயுதத்தோடு புகுந்து, குடிசைகளைக் கொளுத்தி விரட்டியது. அவர்கள் தலைவரின் பெயர் டெனாயா. இன்று அது ஓர் ஏரியின் பெயராக இருக்கிறது. மிஞ்சியவர்களின் கடைசிக் குடியிருப்பையும் 1969இல் பூங்கா நிர்வாகமே அகற்றியது. அந்த மண்ணில் நின்றுகொண்டு, அமெரிக்க அடையாள அட்டை உள்ளவன் சொந்தக்காரன், இல்லாதவன் 100 டாலர் எடு என்று சொல்ல என்ன உரிமை? 1864இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுமக்கள் வந்து மகிழ எக்காலத்துக்கும் கைமாறாமல் ஒதுக்கியது. உள்நாட்டுப் போரின் நடுவே எழுந்த அந்த எண்ணம்தான் உலகமெங்கும் தேசியப் பூங்காக்களாகப் பெருகியது.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். 1984இல் யோசெமிட்டி யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு, அதே பட்டியலில் சேர்ந்தவை மாமல்லபுரத்தின் சின்னங்கள். மனிதகுலம் முழுவதற்கும் உரியவை என்று அன்று இரண்டு நாடுகளும் ஏற்றுக்கொண்டன. இன்று மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. பதினைந்து மடங்கு. 2016க்கு முன்பு 10 ரூபாயும் 250 ரூபாயுமாக இருந்தது. அன்று இருபத்தைந்து மடங்கு. யோசெமிட்டிக்குச் சைக்கிளிலோ நடந்தோ வருபவருக்குக் கட்டணம் 20 டாலர். வெளிநாட்டவருக்கு இப்போது 120. ஆறு மடங்கு. இந்த விஷயத்தில் வாஷிங்டன் நம்மைவிட மிகவும் பிந்தித்தான் வருகிறது.

இதைச் சொன்னால் உடனே பதில் வரும்: நாம் ஏழை நாடு, வருபவர்கள் பணக்காரர்கள். நம் விதி அப்படி வருமானத்தைப் பார்த்து எழுதப்படவில்லை. நியூஜெர்சியில் கோடிகளில் சம்பாதிப்பவர், அமெரிக்கக் குடிமகனாகவே இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தால் 40 ரூபாய். கென்யாவிலிருந்தோ வியட்நாமிலிருந்தோ கடன் வாங்கி வரும் மாணவருக்கு 600. சார்க் நாட்டவர் என்ற முறையில் இலங்கைக் குடிமகனுக்கு 40. யாழ்ப்பாணத்தில் பிறந்து, போருக்குத் தப்பி ஓடி, கனடாவில் குடியுரிமை பெற்ற தமிழருக்கு 600. பல்லவர் கல்லைப் பார்க்க அவரைவிடப் பாத்தியதை உள்ளவர் யார்? அவர் இலங்கையின் சிகிரியா பாறைக்குப் போனால் அங்கேயும் கனடாக்காரர்தான். டாலர் கணக்கில் கட்ட வேண்டும். இரண்டு பாறைகளின் அடியிலும் அவர் அந்நியர்.

வருமானம் போய்விடுமே என்பார்கள் அடுத்ததாக. மாமல்லபுரத்துக்கு வரும் கூட்டத்தில் வெளிநாட்டவர் சிறு பகுதி. உள்ளூர்க் கட்டணத்தில் பத்திருபது ரூபாய் கூட்டினால் பெரும்பகுதி ஈடாகும் என்றே நம்புகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு 15 வயது வரை இப்போதும் கட்டணம் இல்லை, அது அப்படியே தொடரட்டும். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர், ஈக்வடாரின் கலாபகோஸ் என்று எடுத்துக்காட்டு அடுக்குபவர்களும் உண்டு. ஊரெல்லாம் செய்கிறது என்பதால் ஒரு தவறு சரியாகிவிடாது. உலகின் மிகச் செல்வந்த நாட்டின் வசூலை ஆதரிப்பவர்களும் இன்று அந்த எடுத்துக்காட்டுகளைத்தான் காட்டுகிறார்கள். அதற்கு வழி போட்டுக் கொடுத்தவர்களில் நாமும் இருக்கிறோம்.

இதே போக்கு நீடித்தால் இன்னும் பத்து ஆண்டுகளில் யோசெமிட்டி உலகப் பாறையேறிகளின் இடமாக இருக்காது. பிரான்ஸின் சமோனி, ஸ்பெயினின் சியுரானா என்று அவர்கள் நகர்ந்துவிடுவார்கள். நம்மிடம் வருபவர்கள் ஏற்கெனவே ஹம்பியின் பாறைகளோடு திரும்பிவிடுகிறார்கள். தெற்கே, திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், உருண்டுகிடக்கும் பாறைகளுக்கு மேல் பாறையாக ஏறிப் போகும் ராஜகிரி இருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த ராஜகிரியைக் கொண்ட செஞ்சிக் கோட்டை, மராத்தியரின் ராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பின் பகுதியாக 2025 ஜூலையில் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. அங்கே இரண்டாம் நிலைச் சின்னங்களுக்கான கட்டணமே நடைமுறை: 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300. உலக மரபுச் சின்னங்களுக்கு 40, 600 என்பது இந்தியத் தொல்லியல் துறையின் வழக்கம். செஞ்சியையும் அந்த வரிசையில் தூக்கி வைக்கும் எண்ணம் யாருக்காவது வருவதற்கு முன், மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் அங்கே ஒரே விலையை அறிவிக்க வேண்டும். தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதைக் கேட்க வேண்டும். செஞ்சியில் தொடங்கி மாமல்லபுரம், தாஜ்மஹால் வரை அது நீள வேண்டும். அதைச் செய்த பிறகு, யோசெமிட்டியின் 100 டாலரைத் திரும்பப் பெறு என்று அமெரிக்காவிடம் கேட்பதற்கான முழு உரிமை நமக்கு வரும். அப்போது உரக்கவே கேட்கலாம்.