மைனஸ் 54 எங்கே போச்சு?



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது கர்நாடகத்தில் பள்ளிகள் திறந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். நோட்டுக்கு அட்டை போட்டு, யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்து, வேன்காரர் இந்த வருஷமும் கட்டணத்தை ஏற்றிவிட்டாரே என்று புலம்பியும் முடித்திருப்பீர்கள். கொஞ்ச நாளாக எங்களுக்கு வரும் கடிதங்களிலும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளிலும் ஒரே பேச்சுதான். "எல்லாத்தையும் போன்லயே பாத்துக்கறான், அப்புறம் டியூஷன் எதுக்கு?" என்கிறார்கள் பெற்றோர். ஆசிரியர்களின் கேள்வியில் வலி கொஞ்சம் கூடுதல்: "நான் பாடத்தை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பசங்க பதிலோட வந்து உக்காந்திருக்காங்க. இனிமே எனக்கு என்ன வேலை?"

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடப் பெங்களூரில் நம் பொம்மனஹள்ளியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஓசூர் ரோட்டைத் தாண்டினால் எச்எஸ்ஆர் லேஅவுட். வேதாந்து மாதிரி ஆன்லைன் வகுப்பு நடத்தும் கம்பெனிகள் கடை விரித்த இடம் அது. தெற்கே போனால் எலெக்ட்ரானிக் சிட்டி. இரண்டுக்கும் நடுவே கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகள், அங்கே வேலைக்குப் போகும் தாய்மார்கள், தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்து ஒற்றை அறை வாடகை வீட்டில் குடியிருக்கும் நம் ஜனங்கள். 2025 ஆகஸ்டிலிருந்து மஞ்சள் தட மெட்ரோ நம் தலைக்கு மேலே ஓடுகிறது. 

பிள்ளைகளிடம் மாறியிருப்பது என்ன என்பதை ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகத்தில் இருபடிச் சமன்பாட்டுப் பாடத்தில் வருவது. அசையாத நீரில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போகும் மோட்டார் படகு, ஆற்று ஓட்டத்தை எதிர்த்து 24 கி.மீ. போகிறது. அதே தூரம் திரும்பி வருவதைவிட இதற்கு 1 மணி நேரம் கூடுதலாகிறது. ஓட்டத்தின் வேகம் என்ன?

இங்கே மாடி அறை ஒன்றில் நடக்கும் டியூஷனில் இதைப் பார்த்தேன். டீச்சர் கணக்கை வாசித்து முடிக்கவில்லை, ஒரு பையன் புத்தகத்தைப் போனில் படம் பிடித்துவிட்டான். சில நொடியில் விடை வந்தது, வழிமுறையோடு. நோட்டில் அழகாக இறக்கி வைத்துக் கடைசியில் "6 கி.மீ." என்று கோடு போட்டான். அந்த டீச்சர் போனைப் பிடுங்கவில்லை, திட்டவும் இல்லை. "இங்க ரெண்டு விடை வந்திருக்கே கண்ணா, 6 ஒண்ணு, மைனஸ் 54 ஒண்ணு. மைனஸ் 54 எங்கே போச்சு?" என்று மட்டும் கேட்டார். பையன் போனைப் பார்த்தான். "அது ரிஜெக்ட்னு போட்டிருக்கு மிஸ்." "ஏன் ரிஜெக்ட்?" பேச்சில்லை. பின் பெஞ்சிலிருந்து, அதுவரை வாயே திறக்காத ஒரு பெண், "தண்ணி மைனஸ்ல ஓடாது மிஸ்" என்றாள்.

சரி என்று டீச்சர் அதோடு விடவில்லை. "அப்ப 6 மட்டும் சரின்னு எப்படி நம்புறது? ஓட்டிப் பாரு" என்றார். எதிர்த்துப் போகும்போது 18-ல் 6 கழித்தால் 12, 24 கி.மீ. போக 2 மணி நேரம். ஓட்டத்தோடு வரும்போது 24, அதற்கு 1 மணி நேரம். வித்தியாசம் 1. வகுப்பே சேர்ந்து கத்தியது. எனக்கு முன்னால் நடந்தது நல்ல பாடம் என்பதில் சந்தேகமே இல்லை. அந்தப் பையனின் போன் இல்லாவிட்டால், கூட்டிக் கழித்துச் சமன்பாட்டை வரவழைப்பதற்குள் அன்றைய நேரம் முடிந்திருக்கும். அந்த டீச்சர் இல்லாவிட்டால் மைனஸ் 54 யார் கண்ணிலும் பட்டிருக்காது.

"எனக்கு என்ன வேலை?" என்று கேட்ட ஆசிரியர்களுக்கு என் பதில் இதுதான். விடை சொல்லும் வேலை கையை விட்டுப் போய்விட்டது. அதற்காக வருத்தப்பட வேண்டாம். வந்த விடையைக் குறுக்கு விசாரணை செய்யப் பழக்கும் வேலை இப்போது உங்கள் தலையில் ஏறியிருக்கிறது. இது முன்னதைவிடக் கஷ்டம். பாடத்தில் பிடிமானம் இல்லாதவரால் இதைச் செய்யவே முடியாது.

பிள்ளைகள் தொழில்நுட்பத்தில் புலி என்று நாம் பெருமை பேசுகிறோம். கொஞ்சம் நிதானிக்கலாம். ஏசர் என்ற கல்வி ஆய்வு 2024-ல் கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டது. ஸ்மார்ட்போனை இயக்கத் தெரியும் என்றவர்கள் 82 சதவீதம். அவர்களில் அந்த வாரத்தில் படிப்புக்காகப் போனைத் தொட்டவர்கள் 57 சதவீதம், சமூக வலைதளம் பார்த்தவர்கள் 76 சதவீதம். நகரத்துப் பிள்ளைகள் இதில் பெரிதாக வேறுபடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. போனை ஓட்டத் தெரிவது ஒரு திறமை. அதில் வருவதை எடைபோடத் தெரிவது இன்னொரு திறமை, அது தானாக வந்துவிடாது.

பெங்களூருக்கு இந்த விஷயத்தில் பட்ட அனுபவமும் உண்டு. 2011-ல் இந்த ஊரில் தொடங்கிய ஆன்லைன் பாட நிறுவனமான பைஜூஸ் 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ளது என்றார்கள். 2024 ஜூலையில் அது திவால் நடவடிக்கைக்குள் போனது. பாடம் மோசமாக இருந்ததால் கம்பெனி விழுந்தது என்று சொன்னால் நியாயமில்லை. கடனும் அவசர விரிவாக்கமும் சேர்ந்த கதை அது. ஆனால் நல்ல வீடியோ இருந்தால் வாத்தியார் தேவையில்லை என்று அந்த நாட்களில் நம் மனதில் ஊன்றிய நினைப்பு, கம்பெனியோடு சேர்ந்து போய்விடவில்லை.

வீடியோவைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள் ஆசிரியர்களேதான். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து உட்லண்ட் பார்க் பள்ளியில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்று இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007 வாக்கில், வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவு செய்தார்கள். பிறகு எல்லோரும் பாடத்தை வீட்டில் பார்க்கட்டும், கணக்கைப் போடுவதும் சந்தேகம் கேட்பதும் வகுப்பில் நடக்கட்டும் என்று முறையையே திருப்பிப் போட்டார்கள். அருமையான யோசனை. பொம்மனஹள்ளியில் இதைச் செய்யப் போனால் முதல் தடை, வீட்டில் போன் யாரிடம் இருக்கிறது என்பது. ஒரே போன். அது காலையில் அம்மாவோடு கார்மெண்ட்ஸுக்கோ அப்பாவோடு ஆட்டோவிலோ போய்விடும். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வரும்போது சார்ஜும் இருக்காது, டேட்டாவும் இருக்காது.

கொரோனா காலத்தில் இதை நாம் கண்ணால் பார்த்தோம். 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் கர்நாடகத்தில் 2021 அக்டோபர் 25-ல்தான் திறந்தன. இடையில் 'வித்யாகம' திட்டத்தில் ஆசிரியர்களே கோயில் திண்ணைக்கும் மரத்தடிக்கும் போய்ப் பாடம் நடத்தினார்கள். தொற்றுப் பயத்தில் 2020 அக்டோபரில் அதையும் நிறுத்தினார்கள். அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் கர்நாடகம் உட்பட 5 மாநிலங்களில் 16,067 அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தியது. முந்தைய வருஷம் தெரிந்திருந்த மொழித்திறனில் ஒன்றையாவது 92 சதவீதம் பேர் இழந்திருந்தார்கள். கணக்கில் 82 சதவீதம்.

ஆசிரியர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மாணவர் விவரத்தை எஸ்ஏடிஎஸ் என்ற அரசு இணையதளத்தில் ஏற்று, மதிய உணவுக் கணக்கை அனுப்பு, தேர்தல் வேலைக்குப் போ, கணக்கெடுப்புக்குப் போ. தொழில்நுட்பம் பள்ளிக்குள் நுழைந்ததும் நிறையப் பேருக்கு முதலில் கிடைத்தது டேட்டா என்ட்ரி வேலைதான். இதற்கு நேர்மாறான முயற்சி ஒன்றும் நம் ஊரில் நடந்தது. மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவும் சிக்ஷணா அறக்கட்டளையும் சேர்ந்து 'சிக்ஷா கோபைலட்' என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை 2023-ல் கர்நாடக அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பாடப் புத்தகத்தை ஒட்டிப் பாடத் திட்டம், செயல்முறைப் பயிற்சி எல்லாம் தயாரித்துத் தரும். அதில் மிச்சமாகும் நேரம் பின் பெஞ்சுப் பெண்ணுக்குப் போனால் வரவேற்கலாம். இன்னொரு படிவம் நிரப்பப் போனால் எதற்கு?

பிள்ளைகளை நம்பிக் கையில் கருவியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, பன்னேர்கட்டா ரோடு பக்கம் குரப்பனபாளையாவில் ஒரு சாட்சி உண்டு. அங்கே சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அம்பேத்கர் சமுதாயக் கணினி மையத்தைத் தொடங்கினார்கள். நன்கொடையாக வந்த பழைய கணினிகள், இலவச லினக்ஸ். அந்தப் பிள்ளைகள் கிம்ப் மென்பொருளில் படம் வரைந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் தன்னார்வலர்கள். பள்ளிக்கூடத்து ஸ்மார்ட் போர்டைப் பூட்டி வைத்துச் சாவியைத் தலைமை ஆசிரியர் மேஜையில் போட்டுவைக்கும் இடங்கள் இதை யோசிக்கலாம்.

கடைசியாக, நம் வீட்டுத் தமிழ். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பொம்மனஹள்ளிப் பிள்ளை போனிடம் தமிழில் வாயால் கேட்கிறது, பதிலையும் காதால் வாங்கிக்கொள்கிறது. எழுத்தும் கூட வர வேண்டும் என்று நினைக்கும் பெற்றோருக்கு வழி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். 2001-ல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிமாநிலத்தாருக்காகவும்தான் தமிழ்ப் பாடம் நடத்துகிறது. அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார ஒரு பெரியவர் வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த இதழுக்கு ஒரு வேண்டுகோள். ஆசிரியர்களே, உங்கள் மாணவர் உங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒன்றை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். மாணவர்களே, போன் தப்பாகச் சொன்ன விடை ஒன்றை நீங்கள் எப்படிப் பிடித்தீர்கள் என்று எழுதுங்கள். தமிழில் எழுத வராவிட்டால் குரல் பதிவாக அனுப்புங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். பெயரும் வகுப்பும் மறக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்