ஆசிரியர் ஏட்டிலும் சிவப்பு மை வேண்டும்

மாணவன் எழுதுகிறான், ஆசிரியர் திருத்துகிறார். இது நாம் அனைவரும் அறிந்த ஒழுங்கு. ஆனால் ஆசிரியர் எழுதினால் அதைத் திருத்துபவர் யார்? இப்படிக் கேட்பதே மரியாதைக் குறைவு என்று சிலர் எண்ணக்கூடும். என்னைக் கேட்டால், ஆசிரியர் மீது மரியாதை உள்ளவனே இதைக் கேட்க வேண்டும் என்பேன்.

நம் தமிழ் மரபுக்கு இக்கேள்வி புதிதன்று. புலவன் நூல் செய்தால் அதனை அவையிலே அரங்கேற்ற வேண்டும். அவையோர் ஐயம் எழுப்புவர்; தடை கூறுவர்; நூல் செய்தவன் விடை கூறியாக வேண்டும். பவணந்தியாரின் நன்னூல், ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இலக்கணம் கூறுவதோடு நில்லாமல், நூலில் இருக்கக்கூடாத குற்றங்கள் பத்து என்றும் வகுத்துரைக்கிறது. வேண்டியதைக் குறைத்துச் சொல்வதும், தேவைக்கு மேல் நீட்டுவதும், சொன்னதையே திரும்பச் சொல்வதும் அவற்றுள் அடங்கும். இவை மாணவர் எழுத்துக்கு மட்டுமே உரிய குற்றங்கள் என்று அவர் கூறவில்லை!

நம்முடையதைப் போன்றதோர் அரசுக் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார் உ.வே.சாமிநாதையர். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்ற பெருமை வேறு. அதே ஆண்டு அக்டோபரில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன படித்தீர்கள் என்று முதலியார் வினவ, அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். அவற்றால் என்ன பயன் என்ற கேள்விதான் திரும்பி வந்தது. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்பது அடுத்த கேள்வி.

ஒரு கல்லூரி ஆசிரியருக்கு இதைவிடச் சோதனை வேண்டுமா? ஐயர் சினந்து விலகவில்லை. சிந்தாமணியை வாங்கி வந்து படித்தார். விளங்காத சமணக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடமே சென்று கேட்டறிந்தார். 1887இல் அந்நூல் அவர் பதிப்பாக வெளிவந்தது. உடனே கண்டனங்களும் கிளம்பின. மறுப்பெழுத முனைந்த ஐயரை, அதில் காலத்தைப் போக்க வேண்டாம் என்று தடுத்தவர் அதே கல்லூரிப் பேராசிரியர் சாது சேஷையர். ஐயர் பூசலை விட்டார், திருத்தத்தை விடவில்லை. மேலும் ஆராய்ந்து, 1907இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். முதலியாரின் கேள்வியை அவர் மறைக்கவும் இல்லை. முதுமையில், 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் சரித்திரம்’ வழியாக அதை ஊரறியச் சொன்னார். ஏற்க வேண்டியதை ஏற்று, தள்ள வேண்டியதைத் தள்ளும் பக்குவம் அது.

அறிவியலிலும் இதுவே வழக்கம். கணிதமேதை இராமானுஜன் தம் முதல் ஆய்வுக் கட்டுரையை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர் நாராயண ஐயங்கார், பெங்களூர் மத்தியக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வாசகர் பின்தொடரும்படி தெளிவாக்குங்கள் என்று அவர் கட்டுரையை ஒருமுறைக்கு மேல் திருப்பி அனுப்பினார். 1911இல் அது அச்சேறியது. மேதையின் எழுத்துக்கே திருத்தம் வேண்டியிருந்தது என்றால், மற்றவர் எழுத்துக்கு வேண்டாமா?

இதில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். நான் எழுதியதைப் படித்துப் பார்த்து, இவ்விடம் சரியில்லை என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. என்னைப் போன்றவர்களுக்குத் திருத்தம் என்பது கல்லூரியில் கிடைத்தால்தான் உண்டு. ஆனால் அந்தச் சிவப்பு மையைக் கண்டதும், “நமக்கெல்லாம் எழுத்து வராது” என்று பேனாவை மூடிவைத்த நண்பர்களை நான் அறிவேன். திருத்தப்படுவது தாழ்ந்தவனுக்கு மட்டுமே நேர்வது என்று அவர்கள் எண்ணிவிட்டார்கள். ஆசிரியரின் கட்டுரையும் அடித்துத் திருத்தப்பட்ட பிறகே அச்சுக்குப் போகிறது என்பதை அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை.

என் தந்தை அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை செய்பவர். அவர் கடைந்த ஒவ்வொரு பாகத்தையும் இன்னொருவர் கேஜ் வைத்துப் பார்ப்பார். அளவு தப்பினால் பாகம் திரும்பி வரும். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர் என்பதற்காக யாரும் அளக்காமல் விடுவதில்லை. அதை அவர் அவமானமாகக் கருதியதும் இல்லை. இரும்புக்கு உள்ள இந்த நியாயம் எழுத்துக்கு மட்டும் ஏன் இல்லை?

ஆகவே மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கிறேன். கல்லூரி மலருக்கு வரும் ஆசிரியர் கட்டுரைகளையும், மாணவர் கட்டுரைகளைப் போலவே, வேறொருவர் படித்துத் திருத்தட்டும். படிப்பவர்களில் ஒரு மாணவரும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும், பிறரால் திருத்தப்பட்ட தம் கையெழுத்துப் படியை ஆசிரியர் வகுப்பில் காட்டட்டும். தாம் கொடுத்த குறிப்பில் பிழை இருப்பதாக மாணவன் சொன்னால், அதைச் சரிபார்த்து மறுநாள் வகுப்பறையிலேயே முடிவைச் சொல்லட்டும்.

இதனால் ஆசிரியரின் மதிப்புக் குறையுமா? குறையும் என்போர் ஐயரை எண்ணிப் பார்க்கட்டும். “என்ன பயன்” என்று கேட்கப்பட்டவரைத்தான் நாடு பின்னாளில் தமிழ்த் தாத்தா என்று போற்றியது. மாணவத் தோழர்களுக்கும் ஒரு சொல். குறை காண்பது வேறு. குற்றம் சாட்டுவது வேறு. திருத்தம் சொல்பவன் முதலில் முழுவதையும் படித்திருக்க வேண்டும். சொல்லும்போது குரலில் பணிவு இருக்க வேண்டும்.

திருத்திக்கொள்ளும் ஆசிரியரிடம் பயிலும் மாணவன் திருத்தத்துக்கு அஞ்சமாட்டான். முதல் தலைமுறையாய்ப் பேனா பிடித்த எங்களுக்கு அந்த அச்சத்தைப் போக்குவதைவிடப் பெரிய பாடம் வேறொன்றில்லை.